ஜவுளி பில்லிங்கில் வரி மாற்றியபோது

திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் சில கடைகளின் பில்லிங் மென்பொருளை நாங்கள் பராமரிக்கிறோம். விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழிக் கருவியில் எழுதியது. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். மைக்ரோசாஃப்ட் அந்தக் கருவிக்கான ஆதரவை 2008-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் கடைக்காரர்கள் அதை விடமாட்டார்கள். மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே மளமளவென்று பில் போட்டுப் பழகியவர்கள்.

2025 செப்டம்பர் 3 இரவு ஜிஎஸ்டி கவுன்சிலின் அறிவிப்பு வந்தது. ஆயத்த ஆடைக்கு அதுவரை பீஸ் 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. தீபாவளி அக்டோபர் 20-இல். சீசன் நேரத்தில் ஒரு நாள்கூட பில்லிங்கை நிறுத்தச் சொல்ல முடியாது.

நிரலில் 1000 என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்தது. பில், எஸ்டிமேட், ரிட்டர்ன், ரிப்போர்ட் எல்லாவற்றிலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். மொத்தமாக 2500 என்று மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் துணி எடையைக் கிராமிலிருந்து கிலோவாக்கும் நிரல் வரியிலும் அதே 1000 இருந்தது. மாற்றியிருந்தால் ஸ்டாக் கணக்கே கவிழ்ந்திருக்கும். ஒவ்வொரு இடத்தையும் படித்துத்தான் தொட்டோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. பில்லில் வரித் தொகையைச் சேமிக்கவே இல்லை. பழைய பில்லைத் திறந்தால் அந்த நொடியில் மறுபடி கணக்கிட்டுக் காட்டும். ஒரு கடையின் கணக்கர் இதைத்தான் முதலில் கேட்டார்: "தம்பி, போன மாச பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தா புது வரி வந்துருமுங்களா?" அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. சரக்கு வாங்கிய பார்ட்டி கையில் இருக்கும் காகிதமும் நம் கணினியும் வேறு வேறு தொகை சொல்வதைவிடக் கெட்ட நிலைமை வியாபாரத்தில் கிடையாது. அதனால் விகிதத்தைத் தொடும் முன்பே, பழைய பில்கள் அனைத்தின் வரி விகிதத்தையும் தொகையையும் ஐட்டம் வாரியாக எழுதிச் சேமித்தோம்.

பிறகு விகிதங்களை நிரலுக்குள்ளிருந்து எடுத்து ஓர் அட்டவணையில் வைத்தோம்: எச்எஸ்என் (சரக்கு வகையின் குறியீட்டு எண்), எந்தத் தேதி முதல், எந்த விலை வரை, எத்தனை சதவீதம். தேதியை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் ஜவுளிக்கு 12 சதவீதம் என்று அறிவித்துவிட்டு, 2021 டிசம்பர் 31 அன்று அதை நிறுத்தி வைத்தார்கள். அப்படி மறுபடி நடந்தால் அட்டவணையில் ஒரு வரிசையை நீக்கினால் போதும்.

தள்ளுபடியும் தலைவலிதான். 2600 ரூபாய் ஜாக்கெட்டுக்கு 10 சதவீதம் தள்ளினால் 2340. அதற்கு வரி 5 சதவீதம். பழைய நிரலோ ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்த உடனே விகிதத்தை முடிவு செய்துவிடும். பில்லின் அடியில் மொத்தமாகப் போடும் தள்ளுபடியையும் ஐட்டம் வாரியாகப் பிரித்து, அதன் பிறகே விகிதம் பார்க்கும்படி மாற்றினோம்.

சோதனைக்குக் கடையின் நிஜ பில்களையே எடுத்து, பழைய விகிதத்தில் புது நிரலை ஓட்டிப் பைசா வரை ஒப்பிட்டோம். அங்கங்கே ஒரு பைசா இடித்தது. சில பீஸ்கள் சேர்ந்து வரிக்கு முந்தைய தொகை 1049.80 என்றால், 5 சதவீதத்தில் மத்திய அரசின் பாதியான 2.5 சதவீத சிஜிஎஸ்டி 26.245. விஷுவல் பேசிக்கின் ரவுண்ட், சரிபாதியில் நின்றால் இரட்டைப்படை இலக்கத்துக்குப் போகும், 26.24 என்றது. ரிப்போர்ட் எடுக்கும் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வர் 26.25 என்றது. பில் ஒன்றும் ரிப்போர்ட் வேறொன்றும் சொல்ல இதுவே காரணம். கணக்கர் மாதக் கடைசியில் உட்கார்ந்து தேடும் பைசாவும் இதுதான்! இனி பில் போடும்போது ஒரே முறை ரவுண்ட் செய்து சேமிப்பது, ரிப்போர்ட் அதைக் கூட்ட மட்டும் செய்வது என்று வைத்தோம்.

22-ஆம் தேதி காலை கணக்கர் ஆகஸ்ட் பில் ஒன்றையும் புது பில் ஒன்றையும் பிரிண்ட் எடுத்து கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். 1200 ரூபாய் சட்டைக்கு முதலாவதில் 12, இரண்டாவதில் 5. "செரியா இருக்குதுங்க" என்று அடுத்த பார்ட்டியைக் கூப்பிட்டார்.

தீபாவளிக்குப் பின் ரிட்டர்ன் வரத் தொடங்கியது. 12 சதவீதத்தில் விற்ற சரக்குக்குக் கிரெடிட் நோட்டும் (திரும்பிய சரக்கின் தொகையைக் கழிக்கும் சீட்டு) 12-இல்தான் போட வேண்டும். மூல பில்லிலிருந்து விகிதம் தானாக வந்தது. பில் எண் இல்லாமல் மூட்டையாக வரும் ரிட்டர்னுக்கு மட்டும் இன்னும் வழி செய்யவில்லை. அதில்தான் இப்போது வேலை ஓடுகிறது.