அம்மாவும் மேமோகிராமும்

நேற்று அம்மாவை மேமோகிராம் (மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே) எடுக்க வேலூருக்கு அழைத்துப் போனேன். வயது 58. குடியாத்தத்தில் பஸ் ஏறும்வரை ஒரே பாட்டு: "எனக்கு என்னடி கேடு, நல்லாத்தானே இருக்கேன்?" நல்லா இருக்கும்போது எடுப்பதுதான் இது. கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டிகூடப் படத்தில் தெரிய வாய்ப்புண்டு.

அங்கே ஒரு கூத்து. வேலூர் வெயிலுக்குப் பயந்து அக்குளில் பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறார். படம் எடுக்கும் பெண், "பவுடர் துகள் படத்துல சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழும், நோயோன்னு குழப்பும், துடைச்சிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சில நொடி அழுத்தம், அவ்வளவுதான். "சப்பாத்தி மாதிரி அழுத்திட்டா" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

உலக சுகாதார நிறுவனம் 50 முதல் 69 வயதுக்காரர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. 30 தாண்டியவர்களைக் கையால் பரிசோதிக்க ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஏற்பாடு உண்டு. "நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்பது பதில் இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. தீட்டு நின்றபின் ஏறும் எடையும் ஆபத்தைக் கூட்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்லியிருக்கிறேன். (எனக்கும் சேர்த்துத்தான்.)

ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா விளக்கிக்கொண்டிருந்தார்: "நீயும் போய்ட்டு வா. பவுடர் மட்டும் போடாத."