பாதி பவுசர்தான் வில்லங்கம்

ஒன்பது வருஷம் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவன் நான். அந்தத் தைரியத்தில் எரிபொருள் பவுசர் (தாங்கி லொறி) வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். “முழுக்க நிரம்பின தாங்கியா, பாதி நிரம்பினதா, வளைவில் எது மோசம்?” பாரம் கூடினதுதானே என்று “முழுசு” என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டாம் தடவைக்கு என்னைத் தயார்படுத்தியது ஹட்டனில் தண்ணீர் பவுசர் ஓட்டும் ஒரு அண்ணன். தாங்கியில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து, “ஓட்டிப் பாரு” என்றார். சமதரையில் மெதுவாகப் போய் பிரேக் அடித்தேன். வண்டி நின்றது. அப்புறம்தான் பின்னாலிருந்து யாரோ முட்டின மாதிரி ஒரு தள்ளு! நின்ற வண்டி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. “இதே தண்ணி வளைவுல பக்கவாட்டுல அடிச்சா கவுந்துரும் தம்பி” என்றார். தாங்கிக்குள் குறுக்குத் தடுப்பு இருந்தால் முன்பின் அலை குறையும், பக்கவாட்டு அலைக்கு அது உதவாது. அதனால்தான் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். எரிபொருள் பவுசர் அறை அறையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் அறையும் விரிவுக்குச் சிறிது இடம் விட்டு நிறைந்திருந்தால், அல்லது சுத்தமாக வெறுமையாக இருந்தால், அலையடிப்பு பெரிதாக இராது.

அடுத்தது இறக்கம். 13,200 லீற்றர் டீசல் என்றாலே ஏறத்தாழ 11 தொன், வண்டியின் எடை வேறு. கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது, அதே இடத்தை ஏறினால் எந்தக் கியர் போடுவீர்களோ அதையே இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். பாதி வழியில் மாற்றப்போய் கியர் விழாவிட்டால் வண்டி என்ஜின் பிடிப்பு இல்லாமல் நியூட்ரலில் ஓடும். எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் நம்மாட்கள் பழக்கம் எனக்கும் இருந்தது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் டிரம் கொதித்து, கருகின வாடை வரும். வாடை வந்தபின் பிரேக்கை நம்பாதீர்கள். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, மறுபடி பிடிப்பதுதான் முறை.

அபாயகரமான பொருட்களுக்கான ஐ.நா. எண்கள் மனப்பாடம்தான், வேறு வழியில்லை: பெற்றோல் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223, சமையல் எரிவாயு 1075. சாரதி இருக்கைக்கு மேலே ஒட்டி வைத்தேன், இரண்டு வாரத்தில் மனதில் படிந்துவிட்டது. இறக்கும் ஒழுங்கும் கேட்பார்கள்: என்ஜினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து, மூடி திறக்கும் முன்பே, நிலைமின்னால் பொறி பறக்காமலிருக்க, எர்த் வயரை மாட்ட வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், கானிலும் பள்ளத்திலும் தங்கும். எண்ணெய் இறக்கும் இடத்தில் பீடி பற்றவைக்கிறவனைச் சிரித்துப் பேசித்தான் விரட்ட வேண்டும் என்பதில்லை.

இரண்டாம் முறை நேர்முகத்தில் அன்று சிரித்தவர் கேட்டது: “பெற்றோல் இறக்கி வெறுமையான பவுசரில் வெல்டிங் வைக்கலாமா?” எண்ணெய் போனாலும் ஆவி உள்ளேயே நிற்கும், காற்றோடு கலந்தால் வெடிக்கும், கழுவி ஆவியை நீக்காமல் கிட்டவே போகக் கூடாது என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டார்.