கேப்டன் உதவியாளர் ஆனபோது

விளையாட்டுச் செய்திப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு, ஓய்வுபெற்ற வீரர்களைப் பற்றிய செய்தி என்றாலே கொஞ்சம் சலிப்பு. வர்ணனைக்குப் போவார், இல்லையென்றால் நேரே ஒரு பெரிய அணிக்குப் பயிற்சியாளராகி அடுத்த சீசனுக்குள் வெளியே வருவார். மெக்சிகோவின் முன்னாள் கால்பந்துக் கேப்டன் ரஃபாயேல் மார்க்கெஸ் விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம், அவர் போன வழி அப்படி இல்லை.

1979இல் மெக்சிகோவின் சமோராவில் பிறந்தவர். 17 வயதில் குவாதலஹாராவின் அட்லஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். அங்கே அவருக்கு வாய்த்த வாத்தியார் ரிக்கார்டோ லா வோல்பே என்ற அர்ஜென்டினாக்காரர். கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைத்து அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. சென்டர் பேக் எனப்படும் நடுத் தற்காப்பு வீரர்கள் இருவரும் பக்கவாட்டில் விலக வேண்டும். நடுக்கள வீரர் ஒருவர் இறங்கி அவர்களுக்கு இடையில் வந்து நிற்க வேண்டும். பந்து தரையிலேயே முன்னேற வேண்டும். 2006 உலகக் கோப்பையில் லா வோல்பேயின் மெக்சிகோ இப்படி ஆடியதை, பின்னாளில் பெரிய பயிற்சியாளரான குவார்தியோலா பாராட்டி எழுதினார். இரண்டு வருடம் கழித்து அவரே பார்சிலோனாவில் மார்க்கெஸின் பயிற்சியாளர்.

மொனாக்கோ அணியில் பிரெஞ்சு லீக், பார்சிலோனாவில் நான்கு லா லிகா (ஸ்பானிய லீக்), ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள். இந்தப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2004-05 சீசன். நடுக்கள வீரர்கள் வரிசையாகக் காயம்பட, பார்சிலோனாவின் அப்போதைய பயிற்சியாளர் ரைகார்ட் இவரைத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். அந்த இடத்தில் நின்றால் முதுகுக்குப் பின்னாலும் பார்வை வேண்டும். பின்னாளில் பயிற்சியாளராக வருபவர்களில் பலர் அங்கே நின்றவர்கள்தான். தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

2014 ஜூன் 29 இன்னும் நினைவிருக்கிறது. பிரேசிலின் ஃபோர்தலேசாவில், உலகக் கோப்பையின் கடைசி 16 சுற்றில் நெதர்லாந்துடன் ஆட்டம். நமக்கு இரவு ஷிஃப்ட். 88ஆவது நிமிடம் வரை மெக்சிகோ 1-0 முன்னிலை. காலிறுதிக்குப் போய்விட்டது என்று தலைப்பு தயாராக இருந்தது. நெதர்லாந்தின் ஸ்னைடர் சமன் செய்தார். பிறகு கோல் எல்லைக்கோட்டை ஒட்டி அவர்களின் ராபன் பந்தை வெட்டித் திருப்ப, மார்க்கெஸின் கால் நீண்டது, ராபன் விழுந்தார், விசில். ஹன்டலார் பெனால்டியைக் கோலாக்கினார்; மெக்சிகோ வெளியே. 'அது பெனால்டியே இல்லை' என்பது மெக்சிகோவில் இன்றும் அடிபடும் வாக்கியம். நான் பார்த்த வரையில் கால் ராபன் மீது பட்டது. ராபன் விழுந்த விதத்தில் நாடகமும் இருந்தது. எப்படியோ, பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் தலைப்பை மாற்றினோம்.

2018இல் ஐந்தாவது உலகக் கோப்பை. ஐந்திலும் கேப்டனாகக் களமிறங்கிய முதல் வீரர் இவர்தான். அதோடு ஓய்வு. அடுத்து அட்லஸ் அணியின் விளையாட்டுத் தலைவர் பதவி, அதாவது கோட்டு போட்ட வேலை. 2019இலேயே அதை விட்டுவிட்டார். அதன்பின் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மாட்ரிட் அருகே அல்கலா என்ற ஊரின் சிறிய கிளப்பில், 15 வயதை ஒட்டிய பையன்களுக்குப் பயிற்சியாளராகப் போனார். அவர் பெயருக்கு மெக்சிகோவில் ஏதாவதொரு முதல் நிலை அணி கதவைத் திறந்திருக்காதா?

2022இல் பார்சிலோனாவின் இரண்டாம் அணிக்குப் பயிற்சியாளர்; மூத்த அணிக்கு இளம் வீரர்களைத் தயார்படுத்தும் அணி அது. இது தனி வகை வேலை. வாரம் முழுக்க ஒரு திட்டம் போடுவீர்கள். நல்ல பையனை மூத்த அணி கூப்பிட்டுக்கொள்ளும். பாவ் குபார்சி என்ற 16 வயது சென்டர் பேக் அப்படித்தான் 2024 ஜனவரியில் மேலே போனான். அழைத்தது மூத்த அணியின் அப்போதைய பயிற்சியாளரும் மார்க்கெஸின் முன்னாள் சக வீரருமான சாவி. பையன் போனால் அணிக்கு நஷ்டம், பயிற்சியாளருக்கு அதுதான் வெற்றி. மேல் டிவிஷனுக்கு ஏறும் வாய்ப்பு மட்டும் இரண்டு முறை பிளே-ஆஃபில், அதாவது சீசன் முடிவில் நடக்கும் தகுதி ஆட்டங்களில் நழுவியது: முதலில் ரியால் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டியாவிடம், அடுத்த வருடம் இறுதியில் கோர்தோபாவிடம். காஸ்டியாவை முதல் ஆட்டத்தில் 4-2 என்று வென்றுவிட்டு, அடுத்ததில் 0-3 என்று தோற்றார்கள்; இரண்டையும் கூட்டினால் ஒரு கோல் குறைவு.

2024 ஜூலையில் மெக்சிகோ தேசிய அணியில் தலைமைப் பயிற்சியாளர் ஹவியேர் அகிர்ரேவின் உதவியாளர் ஆனார். 2002 உலகக் கோப்பையில் 23 வயது மார்க்கெஸைக் கேப்டனாக்கிய அணியின் பயிற்சியாளரும் இதே அகிர்ரேதான். 2026 உலகக் கோப்பை முடிந்ததும் மார்க்கெஸ் பொறுப்பேற்பார் என்று அன்றே அறிவித்துவிட்டார்கள். இந்த மாதிரி ஏற்பாட்டை அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அநேகமாகக் கசப்பில் முடியும். அடுத்த அதிகாரி யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், இருக்கிற அதிகாரியின் பேச்சு எடுபடாது. இங்கே அப்படி ஆகவில்லை. 2025இல் வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான நேஷன்ஸ் லீகும் தங்கக் கோப்பையும் மெக்சிகோவுக்கு வந்தன. பெயர் அகிர்ரேவுக்கு; இவர் பக்கத்தில் நின்றார்.

ஆனால் அவர் கைக்கு வரப்போகும் வேலையின் கனம் வேறு. 1994 முதல் 2018 வரை தொடர்ந்து ஏழு உலகக் கோப்பைகளில் மெக்சிகோ கடைசி 16 சுற்றிலேயே வெளியேறியது. அதில் அமெரிக்கா, அர்ஜென்டினா இரண்டு முறை, நெதர்லாந்து, பிரேசில் என்று ஐந்து தோல்விகளிலும் ஆடியவர் இவர். அமெரிக்காவுடனான ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியதும் இவரேதான். அந்தச் சுற்றில் நிற்கப்போகும் பையன்களிடம் என்ன சொல்வது என்பதற்கு, மெக்சிகோவில் அவரைவிட அதிகம் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார்.