ஒரே சொல்லில் இரண்டு கட்டளைகள்

2020 மார்ச்சில், இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவின் தலைமையில் கொவிட்-19 தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையம் இராஜகிரியவில் இயங்கத் தொடங்கியபோது, கொழும்பில் வேறோர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நான், நாளாந்தம் வந்துசேரும் சிங்கள அறிவித்தல்களைத் தமிழாக்கும் பணியில் அமர்த்தப்பட்டேன். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது என்றாலும், எங்கள் மேசைக்குத் தமிழ் எப்போதும் கடைசியாகவே வந்தது. சிங்கள அறிவித்தல் தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்டு முடிந்த பின்னரும் நான் இரண்டாம் பந்தியில் நின்றுகொண்டிருந்த இரவுகள் பல.

தாமதத்தைக் காட்டிலும் என்னை அலைக்கழித்தது ஒரு சொல். நோய்த் தொற்றுக்கு உள்ளாகியிருக்கக்கூடியவரை 14 நாட்கள் வேறாக வைத்துக் கண்காணிப்பதைச் சிங்களத்தில் ‘நிரோதாயன’ என்பார்கள். ஒரு பகுதியை வெளித்தொடர்பின்றி அடைப்பதற்கு ‘ஹுதகலா’ என்று வேறு சொல் உண்டு. நாங்களோ இரண்டுக்கும் ‘தனிமைப்படுத்தல்’ என்றே எழுதினோம். தாவரங்கள் விடயத்தில் ‘தொற்றுத்தடைக்காப்பு’ என்ற கலைச்சொல் வழக்கில் இருந்தும், அதை மனிதருக்கு எழுத எவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான்.

பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்றுப் பரவியதைத் தொடர்ந்து, நவம்பரில் வட கொழும்பின் பல பொலிஸ் பிரிவுகள் அடைக்கப்பட்டன. அன்றிரவு கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, எங்களைத் தனிமைப்படுத்தியாச்சாம். எப்ப வந்து ஏத்துவாங்கள்? உடுப்புகளை அடுக்கி வைச்சிட்டன்.” ஏப்ரலில் கொழும்பின் பண்டாரநாயக்க மாவத்தையிலிருந்து தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் குடும்பம் குடும்பமாக பஸ்களில் ஏற்றப்பட்டவர்களை அவர் செய்திகளில் பார்த்திருந்தார். அதற்கும் இதற்கும் நான் எழுதிய சொல் ஒன்றே என்பதால், அவருடைய அச்சத்தில் பிழை காண எனக்கு வழியிருக்கவில்லை.

மறுநாள் ‘முடக்கப்பட்ட பகுதி’ என்று மாற்றி எழுதி, நோய் உறுதிப்படுத்தப்படாதவர்கள் தத்தம் வீடுகளிலேயே இருக்கலாம் என்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன். ‘முடக்கம்’ மக்களைப் பயமுறுத்தும் என்றும், மூலத்தில் இல்லாத வாக்கியத்துக்குக் கையொப்பமிட முடியாது என்றும் சொல்லி மேலதிகாரி இரண்டையும் வெட்டினார். அந்த நெருக்கடியில் அவர் நிலையில் நானும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ.

மாலையில் பெரியம்மாவுக்கு அழைப்பெடுத்து, வெட்டப்பட்ட வாக்கியத்தை வாய்மொழியாகச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அவர் கேட்டார்: “இதை அந்தக் கடதாசியிலேயே எழுதியிருக்கலாமே, தம்பி?”