கல்லுக்குள் நின்று எண்ணிய பிள்ளைகள்

ஏற்காட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு மலைக் கிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஏழு பிள்ளைகளுக்கு, சேலத்தில் என் வீட்டிலிருந்தபடி வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆன்லைன் வகுப்பு என்றுதான் பெயர். வீடியோ போட்டால் இரண்டே நிமிடத்தில் உறைந்துவிடும், அதனால் பெரும்பாலும் ஸ்பீக்கரில் போட்ட சாதாரண போன் அழைப்புதான். அந்தப் போனும் பகலில் அப்பாவோடு காப்பித் தோட்டத்துக்குப் போய்விடும், ராத்திரி திரும்பி வந்தால் முதலில் அண்ணன் கைக்கு, அப்புறம்தான் படிக்கிற பெண்ணுக்கு.

திடநிலைமைப் பாடத்தில் மாட்டிக்கொண்டோம். படிகத்துக்குள் அணுக்கள் ஒரே மாதிரிச் சின்னக் கூடுகளாக அடுக்கியிருக்கும். மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணு இருக்கிற கூடுதான் முகப்பு மையக் கனச்சதுரம். அதில் மூலை அணு எட்டுக் கூடுகளுக்குப் பொது, முகத்து அணு இரண்டுக்குப் பொது. ஆக 8 மூலைக்கு 1, 6 முகத்துக்கு 3, மொத்தம் 4 என்று கணக்கை மனப்பாடம் செய்துவிட்டார்கள். "மூலையில இருக்கற ஒண்ணு எப்படிக்கா எட்டுக்கும் பொதுவாகும்?" என்று ஒருத்தி கேட்டாள். குரலை மட்டும் வைத்துக்கொண்டு அதை எப்படிக் காட்டுவது?

பொறியியல் படிக்கும் என் அக்கா மகனிடம் சொன்னேன். சுற்றிலும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, இடக்கண்ணுக்கு ஒன்று வலக்கண்ணுக்கு ஒன்றாக, மெக்னீசியம் ஆக்சைடின் படங்கள் செய்து கொடுத்தான். அதை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தை இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய் மிஞ்சுவது இதுதான், உலைக்குள் பதிக்கும் செங்கலாவதும் இதுதான், சாப்பாட்டு உப்பின் அமைப்பேதான் இதற்கும்.

அந்தப் படங்களைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் பெட்டியைப் பிள்ளைகளே செய்தார்கள். 2014இல் கூகுள் கொண்டுவந்த கார்ட்போர்டு மாதிரிதான்: அட்டை, 45 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள இரண்டு குவிலென்சு, முன்னால் போன். படங்களை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டதால் வகுப்பு நேரத்தில் நெட் தேவையில்லை. ஒரு போன் பெட்டிக்குள், இன்னொன்றில் என் குரல்.

"இப்போ நீதான் மெக்னீசியம். மேலே பார்." "ஒரு ஆக்சிஜன்க்கா." கீழே ஒன்று, முன்னே, பின்னே, இடம், வலம். ஆறு. ஒன்றை ஒட்டி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அணைவு எண். அது 6 என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த படத்தில் மூலையில் நிற்க வேண்டும். கேள்வி கேட்டவள் பெட்டியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை, அழைப்பு துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "எட்டு ரூமும் என்கிட்டதான்க்கா வந்து சேருது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல்களும் இருந்தன. ஏழு வீட்டுப் போன்களில் இரண்டில்தான் போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இருந்தது. மற்றவற்றில் தலையைத் திருப்பினாலும் படம் அப்படியே நின்றது. ஒன்றில் படம் தாமதமாகத் திரும்பி ஒரு பையனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அதிலிருந்து உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம்தான். ஆய்வகத்துக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டின் குழாயைத் திருகிக் கடைசிச் சொட்டில் நிறுத்துவதைக் கைதான் பழக வேண்டும், அந்த ஆய்வகமும் இவர்களுக்கு வேண்டும். ஆனால் கண்ணால் பார்க்கவே முடியாததைச் சுற்றி நின்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விலையுயர்ந்த கருவியை வாங்கி, திறப்பு விழா நடத்தி, பீரோவில் பூட்டி வைத்திருந்ததையும் ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த அட்டைப்பெட்டி போதும்.

அடுத்து, அணுவுக்குள் எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடங்களின் வடிவங்களில் ஒரு வகையான டி ஆர்பிட்டால்கள் வேண்டுமாம், அக்கா மகன் வரைந்துகொண்டிருக்கிறான். இப்போதைக்குத் தேவை போன்தான். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய போன் கிடந்தால் யூடியூபில் 360 டிகிரி வீடியோ ஒன்றைப் போட்டு, போனைக் கையில் பிடித்தபடி சுற்றித் திரும்பிப் பாருங்கள். காட்சியும் கூடவே திரும்பினால், பின்பக்கம் உடைந்திருந்தாலும் சிம் போடும் இடம் கெட்டிருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு மலைக் கிராமத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.