நடுவரியில் இருக்கிறது சங்கதி

இளையராஜா பாட்டு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் மெட்டைத்தான் புகழ்வார்கள். மெட்டு நல்ல மெட்டுதான், யார் இல்லையென்றது? ஆனால் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் குடும்ப வாத்தியங்களுக்கான இசை) எழுதிப் பிழைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இரண்டாம் வயலினிலும், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, குரல் தாழ்ந்த வயோலாவிலும்தான் ஆரம்பிப்பார்கள்.

பொதுவாக நடப்பது இது. கீபோர்டில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களைப் பிடித்து, மேல் சுரத்தை முதல் வயலினுக்கும் அதற்கு அடுத்ததை இரண்டாம் வயலினுக்கும் மிச்சத்தை வயோலாவுக்கும் பங்கு போட்டுவிடுவது. இரண்டாம் வயலின்காரர் நாலு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருப்பார். அவர் நடுவில் காபி குடிக்க எழுந்து போனாலும் பாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ராஜா எழுதிய இரண்டாம் வயலின் வரியைத் தனியே எடுத்துப் பாடினால் அதுவே ஒரு மெட்டாக நிற்கும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய எழுத்தைப் பயின்ற கை அது. இதைக் குரலிலேயே கேட்க வேண்டுமானால் ‘சிட்டுக்குருவி’ (1978) படத்தின் ‘என் கண்மணி’ இருக்கிறது. ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறி ஓடும், இரண்டும் மோதிக்கொள்ளாது.

ஏன் கார்டை விட்டுவிட்டு வரிகளாக யோசிக்க வேண்டும்? மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப த, மத்யமமும் நிஷாதமும் கிடையாது. இந்த ஐந்து சுரத்துக்குள் முழுசாக அமைகிற மூன்று சுர கார்டு இரண்டே இரண்டு: ச-க-ப மேஜர், த-ச-க மைனர். மேற்கத்திய இசையில் ஒரு வாக்கியத்தை முடித்துவைக்கிற வேலை பஞ்சமத்தின் மேல் எழும்பும் கார்டுக்கு. அதற்கு நிஷாதம் வேண்டும். போட்டால் முடிவு கனமாக விழும், மோகனம் கலைந்துபோகும். போடாவிட்டால் இரண்டே கார்டில் மூன்று நிமிடம் ஊஞ்சலாட வேண்டும். ராகத்துக்குள் மட்டுமே நடக்கிற இரண்டு மூன்று வரிகளைத் தனித்தனி வேகத்தில் ஓடவிட்டால் இந்தச் சிக்கல் வராது. வரிகள் சந்திக்கிற இடத்தில் இசைவு தானாகப் பிறக்கும். ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பை இந்தக் காதோடு கேட்டால் அங்கே, வரிகளைப் பின்னுவதற்குப் பேர்போன ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எதற்காக வந்தார் என்பது புரியும்.

இனி தாள் விஷயம். ராஜா வாத்தியத்தைத் தொடாமலே நேரே ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த தாள்) எழுதிவிடுவார் என்பது ஊரறிந்த செய்தி. அந்த ஸ்கோரை ஒவ்வொருவருக்கும் பார்ட்டாக, அதாவது அவரவர் வரி மட்டும் உள்ள தாளாகப் பிரிக்கும்போதுதான் மற்ற பேருக்கு விபத்து நடக்கிறது. எழுதியதைவிடத் தாழ்ந்து ஒலிக்கிற வாத்தியங்கள் உண்டு: பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுச் சுரம் மேலே எழுத வேண்டும், எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் சுரம் மேலே. டபுள் பாஸ் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். வயோலாவுக்கு ஆல்ட்டோ கிளெஃப் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி), அதில் நடுக்கோடுதான் மிடில் சி, பியானோவின் நடுவில் உள்ள சி சுரம். கிளாரினெட்டுக்கு ஏற்றி எழுத மறந்தால் அவர் மட்டும் ஒரு சுரம் இறங்கி வாசிப்பார், தப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் அரை மணி போய்விடும். 32 பார் சும்மா இருக்கிறவருக்கு, நுழைவதற்கு முந்தைய 2 பாரில் பக்கத்து வாத்தியம் வாசிப்பதைச் சின்ன எழுத்தில் போட்டுக் கொடுங்கள். எண்ணிக்கொண்டே இருந்தால் 27க்கு மேல் எவருக்கும் சந்தேகம் வரும். பக்கம் திருப்புகிற இடம் ஓய்வில் வரட்டும். வில் மேலா கீழா என்பதையும் பென்சிலில் குறித்துவிடுங்கள்.

பட்ஜெட் இல்லை, நாலு வயலின்தான் என்றால் இரண்டு வரிக்கும் 2, 2 என்று பிரிக்காதீர்கள். ஒரே வரியை இரண்டு பேர் வாசிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். ஒருவர் நொடிக்கு 440 அதிர்வு, இன்னொருவர் 442 என்று நின்றால் நொடிக்கு 2 முறை ஒலி ஏறி இறங்கும், அது அப்படியே காதில் உறுத்தும். மூன்று பேர் ஆனால் அந்த விலகல் கலந்து ஒரு கூட்டொலியாகிவிடும். ஆகவே 3, 1 என்று பிரியுங்கள், தனியாக நிற்பவருக்குச் செறிவான வரியைக் கொடுங்கள். கமகமும் அந்த ஒருவருக்கே. பன்னிரண்டு பேருக்குக் கமகம் எழுதினால் ஆளுக்கொரு வேகத்தில் அசைத்து கூழாக்கிவிடுவார்கள், கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களானால் இன்னும் மோசம், ஆளுக்கொரு பாணி இருக்குமே!

மே மாத வெயிலில் வெளியிலிருந்து ஏசி அறைக்குள் வருகிற வயலினுக்குக் கால் மணி நேரமாவது அவகாசம் வேண்டும். ஈரத்தில் உப்பியிருந்த பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) வறண்ட காற்றில் வழுக்கும், சுருதி இறங்கும். முதல் டேக் வீணானால் ஆளைத் திட்டிப் பயனில்லை.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது, நடத்தியவர் மிக்கெல் டாம்ஸ். சென்னையில் கூடவே வருஷக்கணக்காக வாசித்தவர்களுக்குக் கண்ணசைவு போதும். அங்கே அந்தப் பழக்கம் செல்லாது. எங்கே மெலிய வேண்டும், எங்கே ஊன்ற வேண்டும், எல்லாம் தாளில் இருந்தாக வேண்டும். ஒத்திகை நேரமோ எண்ணித்தான் கிடைக்கும்.

பிடித்த பாட்டு ஒன்றின் இன்டர்லூடை (பாடல் வரிகளுக்கு இடையே வரும் வாத்திய இசையை) மட்டும் எடுத்து மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பேஸை (அடியில் ஓடும் தாழ்ந்த வரியை) மட்டும் பின்தொடருங்கள். ச-க-ப ஒலிக்கும்போது பேஸ் ஷட்ஜமத்தில் இல்லாமல் காந்தாரத்தில் நின்றால், கார்டு உட்காராமல் அடுத்த இடத்துக்குக் கிளம்பத் தயாராக நிற்கும். இரண்டாம் தடவை மேல் வயலின். மூன்றாம் தடவை நடுவில் இருப்பவர்கள். கேட்கவில்லையா? போன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டுங்கள், செல்லோவும் வயோலாவும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கரைந்துபோயிருக்கும்.