பிரேக்டவுன்ட் என்று எழுதியவனின் நாட்குறிப்பு

மார்ச் 4

இன்றிலிருந்து ஷிஃப்ட் லாக்புக் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் தமிழ்ப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்களாம். பதினாறு வருடமாக ஸ்பின்னிங் மில்லில் ஸ்பேனர் பிடித்த கை எனக்கு. முதல் வரியே இப்படி: ‘நம்பர் 2 கம்ப்ரஸர் பிரேக்டவுன்ட் அட் 3.15.’ காலையில் பார்த்தால், மேனேஜர் அந்த ஒரு வார்த்தையைச் சிவப்பில் வட்டமிட்டு மேலே ‘ப்ரோக் டவுன்’ என்று எழுதியிருக்கிறார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 6

இரண்டு நாளில் சிவப்பு வட்டம் ஆறு. ‘ஷட்டவுன்ட்’, ‘ஹேண்ட்ஓவர்ட்’, அப்புறம் ‘ஐ ஆஃப்ட் தி மோட்டார்’. கடைசியைப் படித்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அமெரிக்கக் கொச்சையில் அதற்குக் ‘கொன்றுவிட்டேன்’ என்று பொருளாம். ‘ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

ஏன் இப்படி வருகிறது என்று டீ குடிக்கும்போது யோசித்தேன். இந்த வார்த்தைகளெல்லாம் நம்மிடம் பெயராகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. மெஷின் பிரேக்டவுன் ஆயிடுச்சு. ஷட்டவுன் பண்ணிட்டேன். ஹேண்ட்ஓவர் பண்ணியாச்சு. நடந்து முடிந்தது என்பதை ‘ஆயிடுச்சு’வும் ‘பண்ணிட்டே’னும் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த ஒட்டு இல்லாததால் கை தானாக வாலில் ஒரு ‘ட்’டைத் தொங்கவிடுகிறது.

தமிழே அப்படித்தானே. விட்டுக்கொடுத்தேன், விட்டுக்கொடுக்கிறேன், விட்டுக்கொடுப்பேன். ‘விட்டு’ மூன்றிலும் அசையவில்லை. காலத்தைக் காட்டுவது முழுக்கக் கடைசிப் பகுதிதான். ஆங்கிலத்தில் அதே சொல் ‘கிவ் இன்’. நேற்று நடந்திருந்தால் ‘கேவ் இன்’. அங்கே ‘இன்’ சிலை மாதிரி நிற்கிறது, முன்னால் இருப்பது மாறுகிறது. டேக் ஓவர், டுக் ஓவர். ரன் அவுட், ரேன் அவுட். நம் ரயிலில் காலம் கார்டு பெட்டியில் உட்கார்ந்து வருகிறது, அவர்கள் ரயிலில் எஞ்சினில். இத்தனை வருடம் படித்தும் இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை.

மார்ச் 7

ஷட், கட், புட், செட். இந்த நான்கும் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரி. ‘வி ஷட் டவுன் தி லைன்’ என்றால் மூடினோமா, தினமும் மூடுகிறோமா என்று பக்கத்தில் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு வசதி.

மார்ச் 11

இன்று வாங்கிக்கட்டிக்கொண்டதை எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் கம்ப்ரஸரில் எண்ணெய்ச் சூடு 105 டிகிரி தொட்டால் அலாரம், 110 போனால் தானாக நின்றுவிடும். போன வாரம் ஃபுல் நைட் ஷிஃப்டில் இரண்டும் நடந்தது. மெஷின் விற்றவர்களின் வெளிநாட்டு எஞ்சினியர் மெயிலில் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: அலாரம் ‘வென்ட் ஆஃப்’ ஆவதற்கு முன் என்னென்ன பார்த்தீர்கள்? ஆஃப் என்றால் ஆஃப்தானே. அலாரம் நிற்பதற்கு முன் நாங்கள் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதினேன். ஓடிப்போய்ப் பேனலைத் திறந்தது, கூலரைத் தொட்டுப் பார்த்தது, பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தியது. பிரமாதமாக எழுதியதாக ஒரு நினைப்பு வேறு.

அவர் குழம்பிப்போய் அதே கேள்வியை வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்டார். நான் அதே பதிலை இன்னும் நீளமாக அனுப்பினேன். இரண்டு நாள் இப்படியே போனது. கடைசியில் மேனேஜர் மெயிலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடிக்க ஆரம்பித்தது. அவர் கேட்டது மணி அடிப்பதற்கு முந்தின அரைமணி நேரத்துக் கதையை. நான் சொன்னது அடித்த பிறகு நடந்த கூத்தை.

ஃபிட்டர் அண்ணனிடம் சொன்னேன். “லைட்டு வென்ட் ஆஃப்னா அணைஞ்சதுங்க. அலாரம் வென்ட் ஆஃப்னா அடிச்சதுங்களா? எந்த ஊரு நியாயம்ங்க இது?” என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டில் அகராதியைப் பார்த்தால் இன்னும் இருக்கிறது: வெடிகுண்டு வென்ட் ஆஃப் என்றால் வெடித்தது, பால் வென்ட் ஆஃப் என்றால் கெட்டுப்போனது. அணைந்தது, அடித்தது, வெடித்தது, கெட்டது. நமக்கு நாலு வினை. அவர்களுக்கு ஒரே சொல், எது போனது என்பதைப் பார்த்துப் பொருள்.

மார்ச் 12

தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு குட்டிச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டார்க்குப் பெரிய சிரமம் என்று எழுதிவைத்திருக்கிறார். அகராதி போட்ட மனிதரே ஒப்புக்கொண்ட பிறகு, மில் ஃபிட்டர் தடுமாறினால் என்ன. இந்த மாதிரிக் கூட்டு வினைகளுக்கு ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூலுக்குப் பிறகாம். பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே தலைவலி வந்துவிட்டது.

மார்ச் 15

இன்று ஒரே ஒரு வட்டம். ‘தி மோட்டார் டிட் நாட் கூல்ட் டவுன்.’ ‘டிட்’ வந்துவிட்டால் அதுவே காலத்தைச் சுமந்துவிடும், பின்னால் வெறும் ‘கூல் டவுன்’ போதும். இது மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ‘வந்தவில்லை’ என்று நாம் சொல்கிறோமா? வரவில்லை. ‘வர’வில் காலம் ஏது?

‘ஸ்விட்ச்ட் ஆஃப் இட்’ தப்பு, ‘ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’ சரி. ஆனால் ‘ஸ்விட்ச்ட் ஆஃப் தி மோட்டார்’, ‘ஸ்விட்ச்ட் தி மோட்டார் ஆஃப்’ இரண்டும் சரி. மோட்டார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், ‘இட்’ மட்டும் நடுவில்தான். காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்துவிட்டேன்.

மார்ச் 17

ஞாயிறு. பையன்களோடு கிரிக்கெட். நான் ரன் அவுட். ‘ஐ ரேன் அவுட்’ என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். வெளியே ஓடினீர்களா என்றாள். ‘ஐ வாஸ் ரன் அவுட்’ என்று சொல்ல வேண்டுமாம். ‘வி ரேன் அவுட் ஆஃப் கிரீஸ்’ என்றால் கிரீஸ் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை நிஜமாகவே தீர்ந்துவிட்டது.

மார்ச் 20

டிரெய்னி வேலைக்கு வந்த பையனின் பயோடேட்டா: ‘பாஸ்ட் அவுட் இன் 2022 வித் ஃபர்ஸ்ட் கிளாஸ்.’ வெளிநாட்டில் படித்தால் முதல் வகுப்போடு மயங்கி விழுந்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். திருத்தலாமா என்று பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். இந்த ஊரில் எல்லாருக்கும் புரிகிற வார்த்தை. இதற்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டால் நாடே மிஞ்சாது. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 22

நேற்று இரவு லாக்புக்: ‘பெல்ட் வோர் அவுட். டுக் இட் அவுட், புட் இன் எ நியூ ஒன். ஹேண்டட் ஓவர் அட் 7.00.’ வட்டமே இல்லை. பக்கத்தை ஒருமுறை தடவிக்கூடப் பார்த்தேன். கீழே அடுத்த ஷிஃப்ட்காரர் கையெழுத்து: ‘டேக்ஓவர்ட் அட் 7.05.’